நிற்காமல் ஓடப் பழகிய இயந்திரம்: கார்டிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

பஞ்சு படாத பாடு என்று சொல்கிறோம். நூற்பாலையில் பஞ்சு படுகிற பாடுகளிலேயே கடுமையானது கார்டிங் இயந்திரத்துக்குள் நடக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழலும் கம்பி முனைகள் ஒரு பக்கம். ஏறக்குறைய அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் கம்பி முனைகள் எதிர்ப்பக்கம். இடையே கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த இடைவெளியைப் பஞ்சு கடந்து வர வேண்டும். உள்ளே போகும்போது அது சிறு சிறு கொத்துகளாக இருக்கிறது. வெளியே வரும்போது தனித்தனி இழைகளாகப் பிரிந்து, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய திரையாக வருகிறது. இது எப்படி நடக்கிறது என்பதையும், இந்த இயந்திரம் இரண்டே முக்கால் நூற்றாண்டில் எப்படித் திருந்தி வந்தது என்பதையும், ஆலைக்குள் கால் வைத்திராத ஒருவருக்கும் புரியும்படி இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

எதற்காகக் கார்டிங்?

செடியிலிருந்து பறித்த பருத்தியில் கொட்டையை நீக்கி, மீதிப் பஞ்சை அழுத்திப் பேல்களாகக் கட்டி ஆலைக்கு அனுப்புகிறார்கள். பேலைப் பிரித்தால் கிடைப்பது சுத்தமான இழைக் குவியல் அல்ல. இலைத் துணுக்கு, கொட்டையின் தோல், மண், தூசி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலில் புளோரூம் என்னும் பகுதியில் பஞ்சை அடித்து உலுக்கி, பெரிய கட்டிகளைச் சிறு கொத்துகளாக்குகிறார்கள். பெரிய குப்பையும் அங்கேயே போய்விடும். ஆனால் எவ்வளவு அடித்தாலும் கொத்து கொத்தாகவே இருக்கும். அதற்கு மேலும் அடித்தால் இழை அறுந்துபோகும்.

நூலுக்கு வேண்டியது கொத்து அல்ல, தனி இழை. நடுத்தரமான பருத்தி இழை ஒன்று சுமார் 28 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இப்படிப்பட்ட இழைகள் ஓரளவு நீளவாக்கில் கிடந்தால்தான் அவற்றை இழுத்து, முறுக்கி, சீரான நூலாக்க முடியும். கொத்தைத் தனி இழையாகப் பிரிக்கும் வேலையைச் செய்வது கார்டிங் இயந்திரம். ஆலைகளில் அதைச் சுருக்கமாகக் கார்டு என்பார்கள்.

இங்கே பிரியாமல் தப்பிய கொத்தை அடுத்து வரும் எந்த இயந்திரமும் சரியாகப் பிரித்துத் தராது. டிரா ஃபிரேம் இழுத்துச் சீராக்கும். ரிங் ஃபிரேம் மெல்லியதாக்கி முறுக்கும். சிக்கலை எடுப்பது அவற்றின் வேலை அல்ல. சிக்கித் திரண்ட குண்டூசித் தலை அளவுள்ள முடிச்சுகளுக்கு நெப் என்று பெயர். முதிராத இழைகள்தான் பெரும்பாலும் இப்படிச் சுருண்டு நெப்பாகின்றன. முதிராத இழையில் சாயம் சரியாக ஏறாது. அதனால் கரும் நீலமோ கறுப்போ சாயம் ஏற்றிய துணியில் நெப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கடையில் துணி வாங்குபவர் காணும் அந்தக் குறையைத் தடுக்கும் கடைசி நல்ல வாய்ப்பு கார்டிங்கில்தான் இருக்கிறது. கார்டு நூற்பாலையின் இதயம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான். எனக்கு அது மிகையாகப் படவில்லை.

இரண்டு பலகைகள்

இயந்திரத்தைப் புரிந்துகொள்ள, இயந்திரம் வருவதற்கு முன்பிருந்த கருவியைப் பார்த்தால் போதும். கைப்பிடி வைத்த இரண்டு மரப்பலகைகள். ஒவ்வொன்றின் ஒரு முகத்திலும் தோல் ஒட்டி, தோலில் நூற்றுக்கணக்கான சிறு கம்பிகளைக் குத்தியிருப்பார்கள். கம்பிகள் நேராக நிற்காது. முழங்கால்போல் நடுவில் வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

ஒரு பலகையில் கொஞ்சம் பஞ்சை வைத்து, மற்றதை அதன்மேல் வைத்து இழுக்கிறோம். இரண்டின் கம்பி முனைகளும் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும்படி பிடித்தால், ஒரு கொத்தின் ஒரு பாதியை மேல் பலகையும் மறு பாதியைக் கீழ்ப் பலகையும் பற்றிக்கொள்ளும். கொத்து இரண்டாகப் பிய்யும். மறுபடி இழுத்தால் அந்தப் பாதிகளும் பிய்யும். சில இழுப்புகளில் கொத்து மறைந்து இழைகள் மட்டும் மிஞ்சும். இது முனைக்கு எதிர் முனை; கார்டிங் என்பதன் முழுப்பொருள் இவ்வளவுதான்.

இப்போது ஒரு பலகையைத் திருப்பிப் பிடிக்கிறோம். இதன் முனை அதன் முதுகை நோக்கி நகர்கிறது. இந்த நிலையில் எதுவும் பிய்யாது. ஒரு பலகையின் கம்பிகள் மற்றதில் இருக்கும் பஞ்சை முழுவதுமாகக் கழற்றி எடுத்துக்கொள்ளும். இது முனைக்கு எதிர் முதுகு. இதற்கு ஸ்டிரிப்பிங் என்று பெயர்.

பிய்ப்பதற்கு ஒரு நிலை, கழற்றுவதற்கு ஒரு நிலை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று ஓடும் மிகப் பெரிய கார்டைத் திறந்து காட்டினாலும் எந்த உருளை என்ன செய்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். எந்த இரண்டு பரப்புகள் எதிரெதிரே வருகின்றன, முனைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, எது வேகமாக ஓடுகிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

இயந்திரத்துக்குள் ஒரு பயணம்

பஞ்சு மெதுவாகச் சுழலும் ஊட்டு உருளையின் அடியில் நுழைகிறது. உடனே லிக்கர்-இன் என்னும் சிறிய உருளை அதைப் பிடிக்கிறது. அதன்மேல் ரம்பப் பல் போன்ற முரட்டுக் கம்பி சுற்றியிருக்கும். ஊட்டு உருளை பிடித்துவைத்திருக்கும் பஞ்சின் ஓரத்தை லிக்கர்-இன் பிய்த்து எடுக்கிறது. அடியில் இருக்கும் கத்தி போன்ற விளிம்புகளில் குப்பை தட்டுப்பட்டுக் கீழே விழுகிறது. கார்டில் நீங்கும் குப்பையில் பெரும் பங்கு இந்த இடத்தில்தான் நீங்குகிறது.

அடுத்தது சிலிண்டர். சுமார் 1.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய உருளை. அதன் பரப்பு முழுவதும் நுண்ணிய பற்கள். லிக்கர்-இன்னைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடி, அதன் பற்களிலிருந்து பஞ்சை முதுகுப்பக்கமாகக் கழற்றி எடுத்துக்கொள்கிறது. சிலிண்டரின் தலைக்கு மேல் வளைவாக வரிசைகட்டி நிற்பவை பிளாட்டுகள். இவை இரும்புச் சட்டங்கள். அடிப்பக்கத்தில் கம்பி முனைகள் இருக்கும். சிலிண்டர் முனைக்கு எதிராகப் பிளாட்டின் முனை. உண்மையான கார்டிங் இங்கேதான் நடக்கிறது. இரண்டுக்கும் இடையே விடும் இடைவெளி பொதுவாக 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர். மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அந்த இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். நெப்புகளும் நுண்குப்பையும் குட்டை இழைகளில் ஒரு பகுதியும் பிளாட்டின் கம்பிகளுக்குள் போய் அடங்கிவிடும்.

சிலிண்டரில் பிரிந்து கிடக்கும் இழைகளை எடுத்துக்கொள்வது டாஃபர் என்னும் மூன்றாவது உருளை. கழற்றி எடுக்க வேண்டிய இடம் என்பதால் முனைக்கு முதுகு என்ற அமைப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. இங்கேயும் முனைக்கு முனைதான். அதனால் டாஃபர் ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டரில் இருப்பதில் ஒரு சிறு பங்கை மட்டும் பெறுகிறது. மீதி மறுபடி பிளாட்டுகளின் அடியில் போகிறது. ஓர் இழை வெளியேறுவதற்கு முன் பல சுற்றுகள் சுற்றிவிடுகிறது. முதலில் நுழைந்ததும் பிறகு நுழைந்ததும் இதனால் கலந்துவிடுகின்றன. ஊட்டும்போது ஏற்பட்ட சிறு ஏற்றத்தாழ்வும் கரைந்துவிடுகிறது. கார்டின் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். பார்வைக்குக் குறையாகத் தோன்றும் ஒன்று, சீராகக் கலக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

டாஃபர் பல மடங்கு மெதுவாகச் சுழல்வதால் இழைகள் அதன்மேல் சேர்ந்து திரையாகின்றன. அந்தத் திரையைக் கழற்றி, ஒரு புனலுக்குள் குவித்து, விரல் பருமனுள்ள பஞ்சுக் கயிறாக்கி உயரமான டப்பாவுக்குள் சுருள் சுருளாக இறக்குகிறார்கள். முறுக்கில்லாத இந்தக் கயிறுக்கு ஸ்லைவர் என்று பெயர், டப்பாவுக்குக் கேன். மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஸ்லைவரைக் குறுக்காக வெட்டினால் கிட்டத்தட்ட 30 ஆயிரம் இழைகள் இருக்கும். மணிக்கு நூறு கிலோ பஞ்சு ஓடும் கார்டில், ஒவ்வொரு விநாடியும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் தனித்தனியாகப் பிரிந்து வருகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1748: பலகை உருளையானது

கைப்பலகையின் வேலையை உருளைக்குக் கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் இருவர். இருவரும் 1748ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்கள். ஒருவர் லெமின்ஸ்டர் ஊரைச் சேர்ந்த டேனியல் போர்ன். ஒன்றோடொன்று உரசாமல் நெருங்கிச் சுழலும் பல உருளைகளை அவர் அமைத்தார். 1754ஆம் ஆண்டு அவருடைய ஆலை தீயில் அழிந்தது. மற்றவர் லூயிஸ் பால். கம்பி பதித்த உருளை ஒன்று மேலே; அதன் வளைவுக்கு ஏற்பக் குழிந்த, கம்பி பதித்த தொட்டில் ஒன்று கீழே. உருளையைக் கையால் சுற்ற வேண்டும்.

மேலே சொன்ன முனைக்கு முனை என்ற சூத்திரம் அன்றே முழுமையாக இயந்திரத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது மாறவில்லை. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக எதைத் திருத்தினார்கள்? பாலின் இயந்திரம் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. பஞ்சு வைக்க நிறுத்த வேண்டும். பிரிந்த பஞ்சை எடுக்க நிறுத்த வேண்டும். தொட்டிலை இறக்கி, ஊசிகள் பதித்த குச்சியால் பஞ்சைக் கையால் தள்ளி எடுத்தார்கள். கம்பிகளில் அடைந்த குப்பையை எடுக்கவும் நிறுத்த வேண்டும். இப்படி நிறுத்த வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக ஒழித்ததுதான் கார்டிங் இயந்திரத்தின் வரலாறு என்பது என் எண்ணம். ஒரு காரணம் ஒழிந்தபோதெல்லாம் அங்கே இருந்த ஒரு மனிதக் கையும் விலகியது.

ஊட்டுவதும் எடுப்பதும்

ஊட்டுவது எளிதில் தீர்ந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் லீஸ் 1772ஆம் ஆண்டு வாக்கில், முடிவில்லாமல் சுற்றி வரும் ஒரு துணிப்பட்டையை இயந்திரத்தின் முன்னால் பொருத்தினார். எடை போட்ட பஞ்சை அதன்மேல் பரப்பிவிட்டால், பட்டை அதைத் தானே உள்ளே கொண்டுபோகும்.

எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அன்றைய டாஃபரில் கம்பிப் பட்டைகளைக் குறுக்கே ஒட்டி, இரண்டு பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால் பஞ்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு துண்டும் இயந்திரத்தின் அகல அளவுக்கு நீளம். அவற்றை ஒட்டித்தான் அடுத்த வேலைக்கு அனுப்ப முடியும். ஒட்டிய ஒவ்வொரு இடமும் நூலில் ஒரு மேடாகவோ பள்ளமாகவோ தெரிந்தது.

இங்கிலாந்தில் நூற்பாலைகள் நடத்திய ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1775ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமையில் இதற்கு விடை இருந்தது. டாஃபரை இடைவெளியே இல்லாமல் நீண்ட கம்பிப் பட்டையால் சுருளாகச் சுற்றுவது. கிராங்க் ஒன்றின் உதவியால் மேலும் கீழும் வேகமாக ஆடும் ஓர் எஃகுச் சீப்பை டாஃபரின் எதிரே வைப்பது. அந்தச் சீப்பு டாஃபரிலிருந்து பஞ்சை அறுபடாத திரையாகத் தட்டித் தட்டிக் கழற்றும். திரையைப் புனலில் குவித்து, உருளைகளுக்கு இடையே அழுத்தினால் ஸ்லைவர் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சீப்பு யாருடையது என்பதில் பெரும் சண்டை நடந்தது. ஜென்னி என்னும் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ்தான் இதையும் செய்தார் என்று, அவர் இறந்த பிறகு, அவருடைய குடும்பத்தினர் சாட்சி சொன்னார்கள். 1785ஆம் ஆண்டு நீதிமன்றம் ஆர்க்ரைட்டின் காப்புரிமையை ரத்து செய்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அப்படிப்பட்ட கார்டைச் செய்து ஓட்டலாம் என்றானது. யார் கண்டுபிடித்திருந்தாலும், உருளையைவிட இந்தச் சீப்பைத்தான் நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். உருளை பஞ்சை வேகமாகப் பிரித்தது. சீப்புதான் அதை அறுபடாமல் வெளியே கொடுத்தது. அறுபடாத ஸ்லைவர் இல்லாமல் தண்ணீர் விசையில் இரவும் பகலும் ஓடும் ஆலை சாத்தியமே இல்லை.

கம்பளித் தொழிலில் இதே இடம் இன்னும் அரை நூற்றாண்டு தீராமல் கிடந்தது. கம்பளிக் கார்டிலிருந்து வந்த துண்டுகளைக் குழந்தைகள் உள்ளங்கையால் உருட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கோல்டிங் 1826ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கண்டென்சர் முறை, கம்பளியையும் அறுபடாத கற்றைகளாக வெளியே கொண்டுவந்தது.

கம்பியின் வளைவு

இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கம்பி சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது. சாமுவேல் ஸ்லேட்டர் 1790ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாடக்கெட்டில் ஆர்க்ரைட் முறையில் ஆலை தொடங்கியபோது அதைத்தான் எதிர்கொண்டார். முதல் கார்டில் பஞ்சு வெளியே வராமல் கம்பிகளுக்கு இடையிலேயே உருண்டு நின்றது. கம்பிப் பட்டையைச் செய்துகொடுத்தவர் பிளைனி ஏர்ல். தோலில் கையால் குத்திய துளைகள் பெரிதாகிவிட்டதால் கம்பிகள் பின்னால் சரிந்து, வேண்டிய வளைவை இழந்திருந்தன. வளைவைத் திருத்திய பிறகுதான் பஞ்சு ஓடியது. கம்பியின் கோணம் கொஞ்சம் தவறினாலும் கார்டிங் நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பியையும் வளைத்துத் தோலில் குத்தியவர்கள் வீட்டிலிருந்த பெண்களும் குழந்தைகளும்தான். ஒரு கார்டுக்கு எத்தனை ஆயிரம் கம்பிகள் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஏமோஸ் விட்டெமோர் 1797ஆம் ஆண்டு இதற்கும் ஓர் இயந்திரம் செய்தார். தோலில் துளையிட்டு, கம்பியை அளவாக வெட்டி, இரண்டு கால்களாக மடித்து, துளையில் செருகி, முழங்கால் வளைவையும் கொடுத்துவிடும். எல்லாம் ஒரே ஓட்டத்தில். பிறகு தோலின் இடத்தில் துணியையும் ரப்பரையும் அடுக்கி ஒட்டிய பட்டை வந்தது.

பிளாட்டுகள் நகரத் தொடங்கின

தொடக்கத்தில் சிலிண்டரின் மேலிருந்த பிளாட்டுகள் அசையாதவை. அவற்றில் குப்பை நிறைந்ததும் ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாகத் தூக்கி, திருப்பி, தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி வைப்பார். அதற்குள் அடுத்த பிளாட் நிறைந்திருக்கும். அமெரிக்காவில் 1850களில் ஜார்ஜ் வெல்மன் ஒரு தானியங்கி அமைப்பைக் கொண்டுவந்தார். அது பிளாட்டுகளை முறை வைத்துத் தூக்கித் துடைத்தது. ஆனால் நிலைத்தது வேறொரு யோசனை. ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் ஆலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் 1834ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றது அது. பிளாட்டுகள் அனைத்தையும் ஒரு சங்கிலியில் கோத்து, சிலிண்டரின் மேல் மிக மெதுவாக நகரவிடுவது. வேலை முடித்த பிளாட் முன்பக்கம் வெளியே வந்து, சீப்பாலும் பிரஷாலும் சுத்தமாகி, மேல்வழியாகத் திரும்பிப் போய் மறுபடி வேலைக்கு இறங்கும். இங்கிலாந்துப் பொறியாளர் இவான் லீ இதை மேலும் திருத்தினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இந்த வகைக் கார்டே பொதுவாகிவிட்டது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கம்பி முனைகள் மழுங்கும்போது அவற்றைச் சாணைபிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்கக் கம்பி குட்டையாகிச் சிலிண்டரின் ஆரம் நூலிழை அளவு குறையும். பிளாட்டுகள் நகரும் வளைவு பழைய ஆரத்திலேயே இருந்தால் இடைவெளி விரிந்துவிடும். அதனால் அந்த வளைவைத் தாங்கும் இரும்புப் பட்டையையே சற்று வளைத்து அளவு மாற்றக்கூடியதாகச் செய்தார்கள்.

தூசியில் நின்றவர்கள்

ஊட்டுதல், எடுத்தல், பிளாட்டைத் துடைத்தல் எல்லாம் நிற்காமல் நடந்தன. ஆனால் சிலிண்டரை மட்டும் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. துணிப்பட்டையில் குத்திய நீண்ட, வளையும் கம்பிகளுக்கு நடுவே குட்டை இழையும் தூசியும் அடைந்துவிடும். அடைந்தால் கார்டிங் கெடும். ஒரு நாளைக்குப் பல முறை இயந்திரத்தை நிறுத்தி, கம்பி உருளை ஒன்றைச் சிலிண்டரில் வைத்து அடைசலைக் கழற்றி எடுத்தார்கள். அந்த நேரத்தில் எழும் தூசி கார்டிங் பகுதி முழுவதையும் மூடும்.

அதை மூச்சோடு இழுத்தவர்களுக்கு வந்த நோய் பிசினோசிஸ். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகும். நாளாக நாளாகக் குறையும். ஆண்டுகள் ஆக ஆக வாரத்தின் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும், நுரையீரல் மீளாது. 1950களில் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளின் கார்டிங் தொழிலாளர்களை ஆராய்ந்து இந்த நோயின் படிநிலைகளை வகுத்தார். மற்ற பகுதிகளில் வேலை செய்தவர்களைவிடக் கார்டைத் துடைத்தவர்களும் சாணைபிடித்தவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்கா 1978ஆம் ஆண்டு பஞ்சுத் தூசிக்குச் சட்டப்படி அளவு வகுத்தது. நூற்புப் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் என்பது அந்த வரம்பு. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையிலும் இந்த நோய் இடம்பெற்றிருக்கிறது. கார்டின் திருத்தங்களைப் பேசும்போது உற்பத்தியை மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயமில்லை. துடைக்கும் வேலை ஒழிந்தது இவர்களுக்குத்தான் முதலில் நன்மை.

அதை ஒழித்தது உலோக வயர். 1950களிலிருந்து ஆலைகளில் பரவியது. துணியில் குத்திய கம்பிக்குப் பதிலாக, ரம்பம்போல் பல் வெட்டிய மெல்லிய எஃகுப் பட்டையைச் சிலிண்டரின் மேல் நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்றுவது. பற்கள் குட்டையானவை, வளையாதவை. நடுவே பஞ்சு தங்க ஆழம் இல்லை; அதனால் அடைசல் சேர்வதில்லை, அடிக்கடி நிறுத்தித் துடைக்கவும் வேண்டியதில்லை. பழைய கம்பி வேகம் கூடினால் பின்னால் சரியும். உலோகப் பல் சரியாது. சிலிண்டரை எவ்வளவு வேகமாகவும் சுற்றலாம் என்ற கதவு அப்போதுதான் திறந்தது.

அந்தக் கதவு திறந்த பிறகு

பழைய கார்டில் சிலிண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 சுற்று சுற்றியது. பற்களின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வரும். இன்று 500 சுற்று என்பது சாதாரணம். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். 1960களின் நடுவில் ஒரு கார்டு மணிக்கு 5 கிலோ அளவில் கொடுத்தது. இன்று 200 கிலோவைத் தாண்டும் கார்டுகள் இருக்கின்றன. ஒரு மீட்டராக இருந்த இயந்திர அகலத்தைச் சில நிறுவனங்கள் ஒன்றரை மீட்டராக்கியதும் இதில் ஒரு பங்கு.

வேகம் கூடியதும் பழைய வெற்றி ஒன்று தடையாக நின்றது. ஆர்க்ரைட் காலத்துச் சீப்புதான் அது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஆடியும் அதனால் புது வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆடும் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு. சுழலும் பொருளுக்கு அந்த எல்லை மிகத் தள்ளி இருக்கிறது. அதனால் சீப்பை எடுத்துவிட்டு, டாஃபரிலிருந்து திரையைக் கழற்றச் சுழலும் உருளைகளை வைத்தார்கள். திரையை இரண்டு வழவழப்பான எஃகு உருளைகளுக்கு இடையே அழுத்தி, மிஞ்சிய இலைத் துணுக்கை நொறுக்கி உதிரச்செய்யும் முறையும் அதே காலத்தில் வந்தது.

ஊட்டும் பக்கத்திலும் மாற்றம். முன்பு புளோரூமிலிருந்து பஞ்சைப் பாய்போல் சுருட்டி, லேப் என்ற பெயரில் தோளிலோ வண்டியிலோ கொண்டுவந்து கார்டின் பின்னால் வைப்பார்கள். லேப் தீர்ந்தால் அடுத்ததை மாற்ற வேண்டும். இப்போது குழாய் வழியே காற்று பஞ்சைக் கொண்டுவந்து கார்டின் பின்னால் உள்ள உயரமான பெட்டியில் நிரப்புகிறது. ஸ்லைவரின் பருமனை ஓடும்போதே அளந்து, மெலிந்தால் ஊட்டை ஏற்றி, தடித்தால் குறைக்கும் ஆட்டோ லெவலரும் சேர்ந்துவிட்டது. சாணைக்கல்லையும் இயந்திரத்துக்குள்ளேயே வைத்து, ஓட்டத்தை நிறுத்தாமலே முனைகளைக் கூராக்கும் கார்டுகளும் இருக்கின்றன. தூசி எழும் ஒவ்வொரு இடத்திலும் உறிஞ்சு குழாய் பொருத்தி, எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டு முதல் ஆலை தொடங்கிய காலத்திலும் அதற்குப் பிறகும் நம் நூற்பாலைகளுக்குக் கார்டுகள் பெரும்பாலும் லங்காஷயரிலிருந்துதான் கப்பலில் வந்தன. 1956ஆம் ஆண்டு அங்கே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா தொடங்கியது. 1962ஆம் ஆண்டு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் உருவாகி, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்துடன் சேர்ந்து நூற்பு இயந்திரங்களை அங்கேயே செய்யத் தொடங்கியது. பஞ்சாலைகளின் ஊர் கார்டையே செய்யும் ஊராகவும் ஆனது.

இன்றும் உள்ள எல்லைகள்

வேகத்தை இஷ்டம்போல் ஏற்றிக்கொண்டே போக முடியாது. சிலிண்டர் வேகமாகச் சுழலும்போது வெப்பத்தாலும் விசையாலும் அதன் உடல் சற்று விரிகிறது. கால் மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த விரிவும் கணக்கில் வரும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது வைத்த அளவு, சூடேறிய பிறகு அதே அளவாக இருக்காது. இன்னொரு பக்கம் இழை அறுகிறது. நீண்ட, மெல்லிய பருத்திக்கு ஆலைகள் தாமாகவே கார்டின் உற்பத்தியைக் குறைத்து ஓட்டுவது இதனால்தான். நெப்பைக் குறைக்க இடைவெளியை நெருக்கினால் குட்டை இழை கூடும். இழையைக் காக்க விலக்கினால் நெப் மிஞ்சும். கார்டிங் பகுதிப் பொறுப்பாளரின் திறமை என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். வயர் தேய்ந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, பழையதை அவிழ்த்துப் புதியதைச் சுற்றும் வேலையும் இன்றுவரை ஒழியவில்லை.

கார்டு செய்யாமல் விட்டுவிடும் ஒரு வேலையும் இருக்கிறது. டாஃபரின் பல் இழையைப் பற்றும்போது இழையின் முனை கொக்கிபோல் மடிகிறது. வெளியே வரும் ஸ்லைவரில் பெரும்பான்மையான கொக்கிகள் இழையின் பின்முனையில் இருக்கும். உயர்தர நூலுக்காக ஸ்லைவரைக் கோம்பர் என்னும் சீவும் இயந்திரத்துக்கு அனுப்பும்போது இது முக்கியமாகிறது. கொக்கி முன்முனையாக வந்தால்தான் கோம்பரின் ஊசிகள் அதை நிமிர்த்தும். பின்முனையாக வந்தால் நீளமான நல்ல இழையே கழிவோடு போய்விடும். ஸ்லைவர் ஒரு கேனுக்குள் இறங்கி, அடுத்த இயந்திரத்தில் மறுமுனையிலிருந்து எடுபடும் ஒவ்வொரு முறையும் இழையின் திசை திரும்பிவிடுகிறது. ஆகவே கார்டுக்கும் கோம்பருக்கும் நடுவே உள்ள இயந்திரங்களின் எண்ணிக்கையை எப்போதும் இரட்டைப்படையாகவே வைக்கிறார்கள். பெரும்பாலான ஆலைகளில் அது இரண்டு.